அப்ஜத் முதல் ஒருங்குறி வரை

நம்மவர்களின் பழைய கல்யாண அழைப்பிதழ்களிலும், கடைப் பற்றுச்சீட்டுகளிலும், லொறிகளின் முன்கண்ணாடியிலும் 786 என்ற இலக்கத்தைக் காணாதவர் இருக்க முடியாது. ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ என்பதற்குப் பகரமாக அது எழுதப்படுகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டால், அதை எழுதியவரே பெரும்பாலும் தலையைச் சொறிவார்.

அறபு எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. அலிஃப் 1, பா 2, ஜீம் 3, தால் 4. முதல் நான்கு எழுத்துகளையும் சேர்த்து உச்சரித்தால் வருவதுதான் ‘அப்ஜத்’ என்ற பெயர். யா 10, காஃப் 20, லாம் 30, மீம் 40 என்று பத்துகளாக ஏறி, காஃபுக்கு (தொண்டையில் பிறக்கும் மற்றக் காஃப்) 100, ரா 200 என்று நூறுகளாகி, ஃகைன் 1000 இல் முடியும். ‘பிஸ்மி’யில் பா 2, ஸீன் 60, மீம் 40, கூட்டினால் 102. ‘அல்லாஹ்’ 66. ‘அர்ரஹ்மான்’ 329. ‘அர்ரஹீம்’ 289. நான்கையும் கூட்டிப் பாருங்கள், 786 வரும்.

இப்படி எழுதுவது சரியா பிழையா என்ற விவாதம் பழையது. அதை உலமாக்களிடமே விட்டுவிடுகிறேன். எனது அக்கறை வேறு. ஒரு வசனம் எண்ணாக மாறுகிறது, எண் மட்டும் பயணம் செய்கிறது, பெறுபவர் அந்த எண்ணில் வசனத்தைப் படித்துக்கொள்கிறார். கணனிக்குள் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் உண்டு. 786 என்ற கூட்டுத்தொகையிலிருந்து திரும்பி வசனத்துக்கு வர வழியில்லை. அதே தொகை வரக்கூடிய சொற்றொடர்கள் எத்தனையோ உண்டு. வாசிப்பவருக்கு முன்பே விடை தெரிந்திருப்பதால்தான் அது வேலை செய்கிறது. கணனிக்கு முன்பே எதுவும் தெரியாது. ஆகவே அது எழுத்துகளின் எண்களைக் கூட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைத்திருக்கிறது.

எழுத்தையே எண்ணாக வழங்கும் வழக்கம் அறபுக்கு மட்டும் உரியதன்று. தமிழிலும் அ என்றால் எட்டு, வ என்றால் கால், ய போன்ற குறி பத்து. 786 ஐ நமது முன்னோர் தமிழில் ௭௱௮௰௬ என்று எழுதியிருப்பார்கள்: ஏழு, நூறு, எட்டு, பத்து, ஆறு. வாயால் சொல்வதை அப்படியே எழுதும் முறை. அதே தொகையை அப்ஜத் முறையில் எழுதினால் மூன்று எழுத்துப் போதும்: தால் (புள்ளியுள்ள தால்) 700, ஃபா 80, வாவ் 6. இரண்டு முறைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒன்று புலப்படும். இரண்டிலும் பூச்சியத்துக்கு வேலை இல்லை. நூறுக்கும் பத்துக்கும் தனித்தனிக் குறி இருக்கும்போது வெற்றிடத்தைக் காட்ட ஒரு குறி எதற்கு?

பூச்சியம் தேவைப்படுவது, ஓர் எண் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும் முறையில்தான். அந்த முறை இந்தியாவில் உருவானது. கி.பி. 662 இல் சிரியாவிலிருந்த செவேருஸ் செபொக்த் என்ற கிறிஸ்தவப் பாதிரியார், இந்தியர்கள் ஒன்பது குறிகளைக் கொண்டு செய்யும் கணக்கைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் அது பக்தாதுக்குள் நுழைந்தது. கலீஃபா மஃமூனின் காலத்தில், அதாவது 813 க்கும் 833 க்கும் இடையில், அங்கு பணிபுரிந்த முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மி இந்தியக் கணக்கைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் அறபு மூலம் அழிந்துவிட்டது. இலத்தீன் மொழிபெயர்ப்பு மட்டுமே எஞ்சியிருக்கிறது. அந்த மொழிபெயர்ப்பில் அவரது பெயர் உருமாறி, அதிலிருந்துதான் ‘அல்கோரிதம்’ என்ற சொல் பிறந்தது. இன்று கணனிக்காரர்கள் ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த ஊர்ப்பெயரை உச்சரிக்கிறார்கள், குவாரிஸ்ம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாமலே.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். நமது மீலாத் மேடைகளில் ‘கணனியைக் கண்டுபிடித்தது முஸ்லிம்களே’ என்று முழங்குவதைக் கேட்டிருக்கிறேன். குவாரிஸ்மி கேட்டிருந்தால் சங்கடப்பட்டிருப்பார். தான் எழுதுவது இந்தியர்களின் கணக்கு என்பதை அவர் மறைக்கவில்லை. அவரது பங்கு வேறு விதமானது, என் பார்வையில் அதைவிடப் பெரியது. ஒரு கணக்கை இன்ன படி, அடுத்து இன்ன படி என்று, அறிவாளி அல்லாதவரும் தவறாமல் செய்து முடிக்கக்கூடிய கட்டளைகளாக அவர் பிரித்து எழுதினார். அவரது ‘அல்ஜப்ர்’ நூலைப் புரட்டுபவர்கள் வியக்கும் ஒன்று உண்டு. நூலின் பெரும் பகுதி வஸிய்யத்துக் கணக்குகளும் ஃபராயிள் என்ற வாரிசுப் பங்கீடும்தான். இறந்தவருக்கு மனைவி, தாய், மகன்மார் இத்தனை, மகள்மார் இத்தனை, கடன் இவ்வளவு, யாருக்கு எவ்வளவு? நமது ஊர்களில் பாகப்பிரிவினைக்காக ஆலிம்களிடம் போய் உட்காரும் அதே கேள்வி. அட்சரகணிதத்தை வளர்த்தெடுத்ததில் வானத்து நட்சத்திரங்களுக்குப் பங்கு இருப்பதுபோல் வீட்டுச் சொத்துக்கும் பங்கு உண்டு.

இந்தப் புதிய எண்களுக்கு உடனே வரவேற்புக் கிடைத்துவிடவில்லை. மணல் தூவிய பலகையில் விரலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதிச் செய்யும் கணக்கு அது. தெருவோரச் சோதிடர்களும் அப்படிப்பட்ட பலகையோடுதான் உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் கௌரவமானவர்கள் அதைத் தொடக் கூசினார்கள். ஹிஜ்ரி 341 இல், அதாவது 952 அல்லது 953 இல், திமிஷ்கில் அல்உக்லீதிசி என்பவர் மணல் பலகையைக் கைவிட்டுக் கடதாசியிலும் மையிலும் அதே கணக்கைச் செய்யும் வழிகளை எழுதினார். பத்தின் பின்னங்களை அவர் கையாண்ட விதம் கணித வரலாற்றில் முக்கியமானது. ஆனால் எனக்குப் பிடித்தது கடதாசி விவகாரம்தான். அழித்துவிட்டால் சரிபார்க்க முடியாது. கடதாசியில் எழுதினால் எந்த இடத்தில் பிசகியது என்று பின்னால் தேடலாம்.

ஐரோப்பாவுக்கு இதைக் கொண்டுபோனவர்களில் பிரபலமானவர் பீசா நகரத்து லியோனார்டோ ஃபிபொனாச்சி. வியாபாரி மகன். வட ஆபிரிக்காவின் பிஜாயாத் துறைமுகத்தில், இன்றைய அல்ஜீரியாவில், கற்றுக்கொண்டதை 1202 இல் நூலாக எழுதினார். 1299 இல் ஃபுளோரன்ஸ் நகரின் நாணயமாற்று வணிகர்கள் தங்கள் கணக்கேடுகளில் இந்த எண்களுக்குத் தடை போட்டார்கள். அறபியில் வெறுமையைக் குறிக்கும் ‘ஸிஃப்ர்’ என்ற சொல் அங்கே இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை ‘ஸீரோ’ ஆனது. மற்றக் கிளை ‘சைபர்’ ஆகி இரகசிய எழுத்தைக் குறிக்கத் தொடங்கியது. நாம் கிரிக்கெட்டில் சைபருக்கு ஆட்டமிழந்தார் என்று சொல்கிறோமே, அந்தச் சைபரும் இதுதான்.

இரகசிய எழுத்து என்றதும் அல்கிந்தியை விட்டுவிட்டுப் போக முடியாது. 9 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இந்த மெய்யியலாளர் எழுதிய ஒரு சிறு நூலின் கையெழுத்துப் பிரதி இஸ்தான்பூல் சுலைமானிய்யா நூலகத்தில் கிடைத்தது. மறைமொழியில் எழுதப்பட்ட கடிதத்தை எப்படி உடைப்பது என்று அதில் சொல்கிறார். அந்த மொழியில் எழுதப்பட்ட ஒரு நீண்ட சாதாரணப் பிரதியை எடு. எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணு. பிறகு மறைமொழியிலும் எண்ணு. அதிகம் வரும் குறிக்கு நேரே அதிகம் வரும் எழுத்தை வை. அவ்வளவுதான். மொழியை, அதன் பொருளைப் பற்றி எதுவும் யோசிக்காமல், வெறும் எண்ணிக்கையாகப் பார்த்த பார்வை இது. இலக்கியக்காரர்களாகிய நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். ஆயினும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின்னர், 1948 இல், அமெரிக்காவின் குளோட் ஷனன் செய்தித் தொடர்பைப் பற்றி எழுதியபோது அதே பார்வையைத்தான் கணிதமாக்கினார். அவர் அல்கிந்தியிடமிருந்து எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. இருவரும் ஒரே கதவைத் தட்டியிருக்கிறார்கள், அவ்வளவே.

இனித் துவித எண்கள். மின்சாரத்துக்கு இரண்டு நிலைகள் போதும், உண்டு அல்லது இல்லை. இரண்டே குறிகளைக் கொண்டு எல்லா எண்களையும் எழுதலாம் என்று ஜேர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1703 இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். 1854 இல் ஜோர்ஜ் பூல் தர்க்கத்தை அட்சரகணிதமாக்கினார். உண்மை, பொய் என்ற இரண்டே மதிப்புகள். இந்தத் தர்க்கத்தை மின்சார ஆளிகளைக் கொண்டு செய்யலாம் என்று தமது பட்டப்பின் ஆய்வேட்டில் 1937 இல் எழுதியவர், மேலே சொன்ன அதே ஷனன். அப்போது அவருக்கு வயது 21.

இரண்டு குறிகள் எப்படி இத்தனை வகைகளைத் தரும் என்று கவிஞர் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் யாப்பைத்தான் காட்டுவேன். நமது அசை இரண்டு: நேர், நிரை. இரண்டு அசை சேர்ந்தால் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என நான்கு சீர். மூன்று அசை சேர்ந்தால் காய் நான்கு, கனி நான்கு, ஆக எட்டு. நான்கசைச் சீர் பதினாறு. அசை ஒன்று கூடும்போதெல்லாம் வகை இரட்டிக்கிறது. எட்டு அசைக்குச் சீர் வகுத்திருந்தால் 256 வாய்பாடுகளை மாணவர்கள் மனனம் செய்ய வேண்டியிருந்திருக்கும். நல்ல வேளை, யாப்பிலக்கணக்காரர்கள் நான்கோடு நிறுத்திக்கொண்டார்கள். கணனிக்காரர்கள் எட்டில்தான் தொடங்கினார்கள். அசைக்கு அவர்கள் வைத்த பெயர் பிட். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட்.

786 ஐத் துவிதத்தில் எழுதிப் பார்ப்போம். 512 உம் 256 உம் சேர்ந்தால் 768. மீதி 18. அது 16 உம் 2 உம். எனவே 1100010010. பத்துக் குறிகள். ஒரு பைட்டுக்குள் அடங்காது, இரண்டு வேண்டும். இந்த நீண்ட வாலைச் சுருக்கி எழுதவே பதினாறை அடியாகக் கொண்ட பதினறும முறையை வைத்திருக்கிறார்கள். அதில் இது வெறும் 312, அதாவது மூன்று 256, ஒரு 16, ஒரு 2. தொகை மாறவில்லை, உடுப்புத்தான் மாறுகிறது.

எண்ணுக்கு இது போதும். எழுத்துக்கு? இங்கேதான் அப்ஜத் மறுபடி வருகிறது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஓர் அட்டவணை வேண்டும். 1870 களில் தந்திக்காக பிரெஞ்சுக்காரர் போதோ ஐந்து பிட் முறையொன்றைச் செய்தார். அதில் 32 இடங்கள். 1963 இல் அமெரிக்காவில் ஆஸ்கி அட்டவணை வந்தது. ஏழு பிட், 128 இடங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’ க்கு 65, சின்ன எழுத்துக்கு 97, வெற்றிடத்துக்கும் ஓர் எண், 32. ஆங்கிலத்துக்கு இது தாராளம். அதைச் செய்தவர்களுக்கு வேறு எழுத்துகள் அப்போது கண்ணில் படவில்லை.

எட்டாவது பிட்டைச் சேர்த்ததும் மேலும் 128 இடங்கள் திறந்தன. உலகமெங்கும் அந்தப் பாதியைப் பிடிக்கப் போட்டி நடந்தது. அறபு நாடுகள் ஒரு தரத்தை வகுத்து, அது 1987 இல் சர்வதேசத் தரமாகவும் ஆனது. தமிழுக்கு எழுத்து 247. 128 இடத்துக்குள் அவற்றை எப்படி அடக்குவது? ஆளுக்கொரு வழி கண்டார்கள். மின்னஞ்சல் வழியே கூடிய ஆர்வலர்கள் திஸ்கி முறையை உருவாக்கினார்கள். 1999 இல் தமிழ்நாட்டு அரசு டாப், டாம் என்ற இரண்டை அறிவித்தது. நாம் இலங்கையில் பெரும்பாலும் பாமினியோடு வாழ்ந்தோம்.

பாமினி ஓர் எழுத்துரு. அதன் தந்திரம் எளிமையானது. ஆங்கில எழுத்துகளின் எண்களையே வைத்துக்கொண்டு, அவற்றின் படத்தை மட்டும் தமிழாக மாற்றிவிட்டது. ‘தமிழ்’ என்று தட்டினால் கணனி உண்மையில் சேமிப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி இருக்கும் கணனியில் அது தமிழ். இல்லாத கணனியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். ஒரு முகமூடி என்று சொன்னாலும் பொருந்தும். அந்த முகமூடிக்குள் நமது ஒரு தலைமுறையின் கதைகளும் கவிதைகளும் ஆய்வுகளும் இருக்கின்றன. பல சஞ்சிகைகளின் பழைய இறுவட்டுகளை இன்று திறந்தால் வருவது அந்த ஜே, கே, பி, ஓ தான். மாற்றி எடுக்க மென்பொருள்கள் உண்டு, ஆனால் யாராவது உட்கார்ந்து மாற்ற வேண்டும்.

அறபு கலந்து எழுதும் நமக்கு இன்னொரு துன்பமும் இருந்தது. அறபு எழுத்து ஒன்றுக்கே சொல்லின் முதலில், நடுவில், இறுதியில், தனியாக என்று நான்கு உருவம். போதாக்குறைக்கு வலமிருந்து இடம். அந்தக் காலத்துப் பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் பலவற்றுக்கு இது விளங்கவே விளங்காது. எனது கட்டுரையொன்றில் ஒரு குர்ஆன் வசனத்தை நான் தட்டச்சு செய்து கொடுத்திருந்தேன். அச்சகத்திலிருந்து வந்த பிரதியில் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே பிரிந்து, இடமிருந்து வலமாகத் திரும்பி நின்றன. வேதவசனம் என்பதால் பார்க்கவே நடுக்கமாக இருந்தது. அதன்பின் நாம் செய்ததெல்லாம், கையால் எழுதுவித்துப் படமாக ஒட்டுவது.

1991 ஒக்டோபரில் ஒருங்குறியின் முதல் பதிப்பு வந்தது. எல்லா மொழிக்கும் ஒரே அட்டவணை, ஓர் எழுத்துக்கு ஒரே எண் என்பது அதன் கொள்கை. அறபு அலிஃப் 1575, பா 1576. தமிழ் அ 2949. ஐனின் நான்கு உருவத்துக்கும் ஓரெண்தான். எந்த இடத்தில் எந்த உருவம் என்பதை எழுத்துரு பார்த்துக்கொள்ளும். திசையையும் கணனியே கவனிக்கும். எண் வேறு, உருவம் வேறு என்று பிரித்ததுதான் இதன் பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

தமிழின் கதை அவ்வளவு சீராக இல்லை. ஒருங்குறியின் இந்திய மொழிப் பகுதிகள் 1988 ஆம் ஆண்டின் இந்தியத் தரமொன்றை ஒட்டி அமைந்தன. தேவநாகரியின் வரிசை எல்லா மொழிக்கும் அச்சாக வைக்கப்பட்டது. அதனால் க 2965 இல் இருக்க, ங 2969 இல் இருக்கிறது. நடுவிலுள்ள மூன்று எண்கள் வெறுமை. தமிழில் இல்லாத மூன்று ககரங்களுக்கு வைத்த கதிரைகள், விருந்தாளிகள் வரவேயில்லை. உயிர்மெய்க்குத் தனி எண் கிடையாது. ‘கி’ என்பது க, பிறகு இகரக் குறி, ஆக இரண்டு எண். 247 க்கும் தனி இடம் வேண்டுமென்று தமிழ்நாட்டில் பலர் வாதாடினார்கள். 2010 இல் அங்குள்ள அரசு ஒருங்குறியோடு அப்படியொரு முறையையும் ஏற்றது. ஆனால் உலகம் ஒருங்குறியோடு போய்விட்டது. இலங்கையில் 2008 இல் தமிழ்க் குறியீட்டுக்கான தேசியத் தரம் வெளிவந்தபோது அதுவும் ஒருங்குறியை ஒட்டியே இருந்தது. பூச்சியத்தின் தாயகம் என்று பெருமைப்படும் துணைக்கண்டத்தில், தமிழ் எண்களுக்கான பூச்சியம் ஒருங்குறியில் இடம்பெற்றது 2005 இல்தான் என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

அட்டவணை எண்ணை வழியில் அனுப்பும்போது இன்னொரு மாற்றம் நடக்கிறது. 1992 செப்டெம்பரில் கென் தொம்ப்சனும் ரொப் பைக்கும் அமெரிக்க உணவு விடுதியொன்றின் மேசைக் கடதாசியில் கிறுக்கி உருவாக்கிய முறை அது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், அறபுக்கு இரண்டு, தமிழுக்கு மூன்று. ‘அல்லாஹ்’ என்பதை அறபில் எழுதினால் நான்கு எழுத்து, எட்டு பைட். தமிழில் எழுதினால் ஏழு குறி, 21 பைட். சில மின்னஞ்சல்களில் தமிழுக்குப் பதிலாகத் தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’ யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ உம் மாறி மாறி வந்து நம்மை எரிச்சலூட்டுமே, அதன் இரகசியம் இதுதான். அ என்ற எழுத்து 224, 174, 133 என்று மூன்று பைட்டாகப் போகிறது. அதைச் சேர்த்து வாசிக்கத் தெரியாத கணனி, 224 க்கும் 174 க்கும் பழைய ஐரோப்பிய அட்டவணையிலுள்ள உருவங்களைப் போட்டுக் காட்டுகிறது. செய்தி பழுதடையவில்லை. வாசிப்பவர் தவறான அட்டவணையைக் கையில் வைத்திருக்கிறார்.

கைத்தொலைபேசிக் குறுஞ்செய்திக்கு 140 பைட்தான் இடம். ஆங்கிலத்தில் 160 எழுத்து எழுதலாம், தமிழில் எழுதினால் 70 குறியோடு முடிந்துவிடும். நமது பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதத் தொடங்கியதற்கு நாகரிக மோகம் மட்டும் காரணமில்லை, இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

ஒருங்குறி வந்தும் தீராத சிக்கல்கள் உண்டு. ‘மௌலவி’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஔகாரக் குறியோடு முறையாக எழுதினால் 2990, 3020, 2994, 2997, 3007 என ஐந்து எண். பலர் ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு ‘மெளலவி’ என்று எழுதுகிறார்கள். அது ஆறு எண். கடதாசியில் இரண்டுக்கும் வித்தியாசம் காண்பது கடினம். கணனிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. மௌலிது, மௌலானா எல்லாவற்றுக்கும் இதே கதி. பெயர்களின் நிலை இதைவிட மோசம். முஹம்மது, முகம்மது, முஹம்மத், மொஹமட். நமக்கு ஒருவர், கணனிக்கு நால்வர். ஓர் அலுவலகத்தில் எனது பெயர் ஹகரத்தோடும் இன்னொன்றில் ககரத்தோடும் பதியப்பட்டிருந்ததால், நான் நான்தான் என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியிருந்தது.

அறபுப் பக்கத்தில் ஓர் அழகான விதிவிலக்கு. ‘ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்’ என்ற ஸலவாத்து முழுவதற்கும் ஒருங்குறியில் ஒரே எண் உண்டு, 65018. பிரித்து எழுதினால் இடைவெளிகளோடு 18 குறிகள். பிஸ்மி முழுவதற்கும் 65021 என்ற எண் 2003 இல் சேர்ந்தது. நாம் அடைப்புக்குறிக்குள் ‘ஸல்’ என்று சுருக்குகிறோம். அங்கே சுருங்காமலே ஒரு எண்ணுக்குள் முழு வாசகமும் நிற்கிறது.

இப்போது அறபுத் தமிழுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். தமிழை அறபு எழுத்தில் எழுதிய நமது முன்னோர், அறபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக இருக்கும் எழுத்துகளுக்குக் கூடுதல் புள்ளியிட்டுப் புதிய எழுத்துகளைச் செய்துகொண்டார்கள். ப, ட, ண, ள, ழ, ற ஒவ்வொன்றுக்கும் வழி கண்டார்கள். எகர, ஒகரங்களுக்கும் குறி வைத்தார்கள். கைத்தொலைபேசியில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே ஆங்கில எழுத்தைப் போட்டுவிட்டுப் போகிற இன்றைய அவசரம் அவர்களிடம் இல்லை. கீழக்கரையில் 1816 முதல் 1898 வரை வாழ்ந்த இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் போன்றோர் மார்க்கச் சட்டத்தையும் பாட்டையும் இதில் எழுதினார்கள். இலங்கைக்கும் வந்து போனவர் அவர். தமிழெழுத்து அறியாத நமது பாட்டிமார் ஓதப்பள்ளியில் படித்த அறபெழுத்தைக் கொண்டே தமிழ் வாசித்தார்கள். அவர்களை எழுத்தறிவற்றவர்கள் என்று எழுதிவைத்த கணக்கெடுப்புகளை நான் நம்புவதில்லை. தைக்கா ஷுஐபு ஆலிம் 1993 இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு நூல் இந்த உலகத்தின் பரப்பை விரிவாகக் காட்டுகிறது.

இந்நூல்கள் பெரும்பாலும் கல்லச்சில் வந்தவை. கல்லச்சு கையெழுத்தின் நகல். எத்தனை புள்ளி வேண்டுமானாலும் வைக்கலாம், யாருடைய அட்டவணையும் தேவையில்லை. ஈய எழுத்து வந்தபோது அறபுத் தமிழ் திணறியது. கணனி வந்தபோது அதற்கு இடமே இருக்கவில்லை. அறபு உலகத்தின் அட்டவணைகளில் நமது எழுத்துகள் சில இல்லை. வேறு மொழிகளுக்காகச் சேர்த்த புள்ளியெழுத்துகளில் சில தற்செயலாக நமக்கும் பொருந்தின.

2015 ஜூனில் ஒருங்குறியின் 8 ஆம் பதிப்பு வெளியானது. அதன் அறிவிப்பில், அறபு எழுத்தில் எழுதப்படும் தமிழுக்காக எழுத்துகள் சேர்க்கப்பட்டிருப்பதாக ஒரு வரி இருந்தது. அவற்றில் ஒன்று, கீழே ஒரு புள்ளியுள்ள காஃப். அதன் எண் 2228. அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த முகச்சித்திரங்களைப் பற்றி உலகப் பத்திரிகைகள் எழுதின. இந்தக் காஃபைப் பற்றி நமது சஞ்சிகைகளில் எதையும் நான் காணவில்லை. எழுதுவோர் அநேகமாக இல்லாமற்போன பிறகு எழுத்துக்கு எண் கிடைத்திருக்கிறது.

எண் கிடைத்ததால் என்ன பயன் என்று கேட்கலாம். 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத்தளம் இலங்கைத் தமிழ் நூல்களை ஆயிரக்கணக்கில் மின்வருடி வைத்திருக்கிறது. பெரும் பணி அது. ஆனால் மின்வருடிய பக்கம் படம்தான். அதில் கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகளுக்கு எண் உண்டு, எழுத்துக்கு இல்லை. கண்ணால் படிக்கலாம். ஒரு சொல் எங்கெங்கு வருகிறது என்று தேட முடியாது, அகராதி எடுக்க முடியாது, இரண்டு பிரதிகளை ஒப்பிட முடியாது. அல்கிந்தி சொன்னபடி எழுத்துகளை எண்ண வேண்டுமானால் முதலில் அவை எழுத்துகளாக இருக்க வேண்டும்.

என்னிடம் எனது உம்மம்மா ஓதிய முனாஜாத்துக் கிதாபு ஒன்று உண்டு. கல்லச்சு, முன் அட்டை இல்லை, 64 பக்கம். ஒரு நாளைக்கு அரைப் பக்கம் என்று அதைக் கணனியில் ஏற்றி வருகிறேன். தட்டச்சுப் பலகையில் இல்லாத எழுத்துகளுக்கு எண்ணைக் கொடுத்து வரவழைக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. பிரதி செய்தவர் சில இடங்களில் புள்ளியை விட்டிருக்கிறார். ஓதிப் பழகியவருக்கு அது ப வா ஃப வா என்று தெரியும், கணனிக்குத் தெரியாது. நான் புள்ளியைச் சேர்ப்பதா, விட்டவாறே விடுவதா? விட்டவாறே ஏற்றிவிட்டு, எனது வாசிப்பை அடுத்த வரியில் தமிழெழுத்தில் தருவதென்று முடிவு செய்திருக்கிறேன். இதுவரை 23 பக்கம் ஏறியிருக்கிறது.